இரண்டு சென்டிமீட்டர் மனிதர்களுக்கு ஒரு சாமில்

மரத்தூளைக் காட்ட மரத்தூளையே தூவினால் என்ன? மாடல் ரயில் பாதையின் ஓரத்தில் குட்டியாக ஒரு மர அறுவை ஆலை கட்ட உட்காரும் எவருக்கும் முதலில் தோன்றும் யோசனை இதுதான். தச்சுப் பட்டறையில் சும்மா கிடைக்கிறது. ஒரு பிடி அள்ளி ரம்பத்துக்கு அடியில் போட்டால் முடிந்தது. போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் சங்கடம் தெரியும். அமெரிக்காவில் மிகப் பரவலான எச்.ஓ. அளவு மாடலில் எல்லாமே நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. அரை மில்லிமீட்டர் துகள் அந்த உலகத்தில் நாலு சென்டிமீட்டருக்கும் பெரிய துண்டாகிவிடுகிறது. ஐந்தே முக்கால் அடி ஆள் அங்கே இரண்டு சென்டிமீட்டர் உயரம்தான். அவன் காலடியில் கிடப்பதைப் பார்த்தால் அடுப்புக்கு உடைத்துப் போட்ட சிராய் மாதிரி இருக்கும். அதனால் உப்புத்தாள் தேய்க்கும்போது உதிரும் மாவைச் சேர்த்து, மெல்லிய துணியில் சலித்துத் தூவுகிறார்கள்.

ரயிலும் மரமும் பின்னிக் கிடந்த காலம் ஒன்று அமெரிக்காவில் இருந்தது. மலைச்சரிவில் வெட்டிய மரத்தைக் கீழே கொண்டுவர, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கம்பெனிகள் காட்டுக்குள்ளேயே தண்டவாளம் போட்டன. ஒரு சரிவை மொட்டையடித்ததும் தண்டவாளத்தைப் பெயர்த்து அடுத்த சரிவுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். அவசரத்தில் போட்ட பாதை, நெருக்கமான வளைவு, மூச்சு வாங்கும் ஏற்றம். சாதாரண எஞ்சின் அங்கே திணறியது. மிஷிகனில் மரத்தொழில் செய்துவந்த எஃப்ரைம் ஷே இதற்கென்றே ஓர் எஞ்சினை வடிவமைத்து 1881-இல் காப்புரிமை பெற்றார். சிலிண்டர்கள் வலப்பக்கம் நெட்டுக்குத்தாக நிற்கும். பக்கவாட்டில் ஓடும் ஒரு தண்டு, பற்சக்கரங்கள் வழியாக எல்லாச் சக்கரங்களையும் சுழற்றும். எடை சமனாக இருக்கக் கொதிகலனை இடப்பக்கம் ஒதுக்கிவிட்டார்கள். ஒஹையோவின் லைமா நகரத் தொழிற்சாலை 1945 வரை இவற்றில் 2,700-க்கும் மேல் செய்து அனுப்பியது. அழகு என்று சொல்ல முடியாத இந்த எஞ்சின்மேல் மாடல்காரர்களுக்குத் தீராத காதல். மெதுவாகப் போகும், சின்ன வளைவிலும் திரும்பும். ஆகவே ஒரு படுக்கையறைக்குள் ஒரு மலையையே அடக்கிவிடலாம்.

மலை வந்தால், வெட்டிய மரம் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். அங்கேதான் சாமில் வருகிறது.

பார்த்துச் செய்ய நல்ல முன்மாதிரி, மேற்கு வர்ஜீனியாவின் காஸ். 1901-இல் ஒரு காகிதக் கம்பெனிக்காகவே எழுந்த ஊர் இது. ஆலை 1902-இல் ஓடத் தொடங்கியது, 1922-இல் எரிந்தது, திரும்பக் கட்டப்பட்டு 1960 வரை ஓடியது. ஒரு ஷிஃப்டில் 1,25,000 போர்டு அடி அறுத்ததாகக் கணக்கு. ஒரு கன அடிக்குப் பன்னிரண்டு போர்டு அடி என்பதால், நம் மரவாடிக் கணக்கில் பத்தாயிரம் கன அடிக்கும் மேல். ஆலை போய்விட்டாலும் பாதை பிழைத்தது. 1963 முதல் அதே மலையில் ஷே எஞ்சின்கள் சுற்றுலாப் பயணிகளை இழுக்கின்றன. கடைசியாகத் தயாரான ஷே, 162 டன் எடையுள்ளது, இன்று காஸில்தான் இருக்கிறது.

சாமில் கட்டடத்தை வெளித்தோற்றம் பார்த்து மட்டும் கட்டுபவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நாலு சுவர், ஒரு தகரக் கூரை, ஒரு புகைபோக்கி வைத்தால் ஆலை ஆகிவிடாது. அரிசிக் கிடங்கு மாதிரிதான் நிற்கும். அதற்குள் மரம் எப்படி நகர்கிறது என்று தெரிந்தால்தான் சுவர்கள் எங்கே வரவேண்டும் என்பதே தெரியும்.

மரம் முதலில் குளத்தில் விழும். ரயிலில் வந்த கட்டைகளை அங்கே உருட்டிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. பட்டையில் ஒட்டிய மண்ணும் கல்லும் கழுவப்படாவிட்டால் ரம்பத்தின் பல் மழுங்கும். வெயிலில் கிடந்தால் கட்டை வெடிக்கும், பூச்சி அரிக்கும். குளத்திலிருந்து முட்கள் பதித்த சங்கிலி ஒன்று கட்டையைச் சாய்வான தொட்டி வழியே மேல்மாடிக்கு இழுத்துக்கொண்டு போகும். அறுப்பது மாடியில்தான். கீழ்த்தளம் முழுக்கத் தண்டும் சக்கரமும் தோல்பட்டையும் ஓடும் இடம். மேலிருந்து தூளும் அங்கேதான் கொட்டும். குளம், சாய்தொட்டி, இரண்டு தளம் என்ற மூன்றையும் சரியாகப் போட்டால் போதும், பார்ப்பவர் மனதில் பாதி ஆலை தானாகவே ஓட ஆரம்பித்துவிடும்.

மாடியில் கட்டையை ஒரு தள்ளுவண்டியில் கவ்விப் பிடித்து, முன்னும் பின்னும் ஓட்டி, தலைமை ரம்பத்தில் பலகை பலகையாகச் சீவுவார்கள். பழைய ஆலையில் வட்ட ரம்பம். பெரிய ஆலையில் பட்டை ரம்பம், அதாவது நம் ஊரிலும் பேண்ட்சா என்று சொல்கிறோமே, அதன் பெரியப்பா. வட்ட ரம்பத்தின் வெட்டுவாய் கால் அங்குலம் அகலம் என்று வைத்துக்கொண்டால், ஓர் அங்குலப் பலகை நாலு அறுக்கும்போது ஐந்தாவது பலகை தூளாகப் போய்விடும். பட்டை ரம்பம் மெல்லியது, சேதம் குறைவு. ஆனால் அதன் பல்லைத் தீட்டுவது தனி வித்தை. அதற்கென்று கூரைக்கு அடியில் வெளிச்சமான ஓர் அறை இருக்கும். மாடலில் கூரையின்மேல் வரிசையாகச் சன்னல் வைத்த ஒரு சின்ன மேடை தெரிந்தால், அதன் அடியில் ரம்பம் தீட்டுகிறவன் உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம். ஆலையிலேயே நல்ல சம்பளம் வாங்கியவர்களில் அவனும் ஒருவன்.

பிறகு ஓரம் வெட்டும் ரம்பம், நீளம் சீராக்கும் ரம்பம். அதைத் தாண்டிப் பச்சைப் பலகைகள் ஒரு சங்கிலி மேடையில் வெளியே வரும். ஆட்கள் இரு பக்கமும் நின்று தரம் பிரித்து இழுப்பார்கள். மிச்சமான பட்டையும் சக்கையும் கொதிகலனுக்குப் போகும். ஆலை தன் எரிபொருளைத் தானே அறுத்துக்கொள்ளும். அதற்கும் மேல் மிஞ்சினால், கூம்பு வடிவத் தகர உலையில் போட்டு எரித்துவிடுவார்கள். பசிபிக் கரையோர ஆலைகளின் அடையாளமே இந்த உலைதான். காற்று மாசுக்கு எதிராக 1970-க்குப் பிறகு சட்டங்கள் இறுகியதும் அவை ஒவ்வொன்றாக அணைந்தன.

சரி, எதை வைத்துக் கட்டுவது? வால்தர்ஸ் நிறுவனத்தின் 'மவுண்டன் லம்பர் கம்பெனி' போன்ற பிளாஸ்டிக் தொகுப்புகள் கிடைத்து வந்திருக்கின்றன. கீஸ்டோன் நிறுவனத்தின் 'டான்பி' சாமில் தொகுப்பில் உள்ளே இருக்கும் எந்திரங்கள்கூட உலோக வார்ப்பில் வரும். இருந்தாலும் இந்தக் கலையின் ருசி சொந்தமாகக் குச்சி குச்சியாகக் கட்டுவதில்தான். பாஸ்வுட் என்ற மிருதுவான மரத்தில் மூன்றரை மில்லிமீட்டர் அகலப் பட்டிகள் வாங்கினால், அவைதான் அங்கே ஓர் அடிப் பலகை. புது மரம் பளிச்சென்று இருக்கும், மழையில் நின்ற ஆலை அப்படி இராது. ஆகவே ஒட்டுவதற்கு முன்பே பட்டிகளை, சில சொட்டு இந்தியா இங்க் கலந்த ஆல்கஹாலில் நனைத்தெடுப்பார்கள். உலர்ந்ததும் வெள்ளிச் சாம்பல் நிறம் ஏறும். (இந்தியா இங்க் என்ற பேரே ஒரு வேடிக்கை, அதன் பூர்வீகம் சீனா என்கிறார்கள்.) ஒட்டிய பிறகு நனைத்தால் பசை பட்ட இடத்தில் நிறம் ஏறாமல் வெள்ளைத் திட்டாகக் காட்டிக்கொடுக்கும். தையற்காரர் துணியில் குறி போட உருட்டும் முள்சக்கரத்தைப் பலகையின்மேல் ஓட்டினால் ஆணித் தடம் வரிசையாக விழும். கூரைக்குக் குளிர்பானக் கேனின் தகட்டை வரிவரியாக அழுத்தி எடுத்து, காவி நிறச் சாக்குப் பொடியைத் தேய்த்தால் துரு ஏறிவிடும்.

குளம்தான் பொல்லாதது. ரெசினும் கடினமாக்கியும் கலந்து ஊற்றுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை இருந்தாலும் அந்தக் கலவை ராத்திரியோடு ராத்திரியாக மேசைக்கு அடியில் போய்ச் சேர்ந்துவிடும். அடியைக் கறுப்புப் பச்சையாகப் பூசிவிட்டால் மூன்று மில்லிமீட்டர் ஆழமே பத்தடி ஆழமாகத் தோன்றும். அதில் முழுக் குச்சியைப் போட்டால் கட்டை தண்ணீரின்மேல் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். நிஜக் கட்டை பாதிக்கு மேல் முழுகித்தான் மிதக்கும் என்பதால் குச்சியை நீளவாக்கில் சீவி, மேல்பகுதியை மட்டும் பதிக்க வேண்டும்.

இடம் இன்னொரு தலைவலி. 200 அடி நீள ஆலை எச்.ஓ. அளவில் 70 சென்டிமீட்டர், அதைக்கூடச் சமாளிக்கலாம். பலகை காயவைக்கும் வாடிதான் ஆலையைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். எனவே எதைச் சுருக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று தேர்ந்து சுருக்குவார்கள். அடுக்குகளின் உள்ளே மரத்துண்டை வைத்து வெளிப்பக்கம் மட்டும் பலகை ஒட்டுவது பழைய தந்திரம். ஆனால் வரிசைக்கு வரிசை காற்றோட ரீப்பர் வைக்க மறந்தால், மரம் தெரிந்தவர் ஒரே பார்வையில் சிரித்துவிடுவார்.

அளவுகளுக்குத் தவிக்க வேண்டியதில்லை. ஆரிகன் மாநிலம் மன்ரோவில் இந்த நூற்றாண்டிலும் நீராவியில் ஓடிய ஹல்-ஓக்ஸ் ஆலையை அமெரிக்க அரசின் தொழில்நுட்ப வரலாற்று ஆவணத் திட்டம் பதிவு செய்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் ஸ்டர்ஜன்ஸ் மில்லில் தொண்டர்கள் இன்றும் நீராவியில் கட்டை அறுத்துக் காட்டுகிறார்கள். பொள்ளாச்சிக்காரர்கள் அவ்வளவு தூரம் போகாமலே ஒரு மலையைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டைகளைச் சரிவில் வழுக்கிவிட்டதால்தான் டாப்ஸ்லிப்புக்கு அந்தப் பெயர். அதைத் தாண்டியுள்ள பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்குக் கொச்சி சமஸ்தானம் போட்ட வன டிராம்வே 1907 முதல் 1963 வரை தேக்கு சுமந்தது. மீட்டர் கேஜ் பாதை அது, எச்.ஓ. அளவில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் போதும்.

முடித்த ஆலையின் கூரையைப் பலர் ஒட்டுவதில்லை. எடுத்துப் பார்த்தால் உள்ளே தள்ளுவண்டி, ரம்பம், அதன் பக்கத்தில் அறுப்புக்காரன். நிஜ ஆலையில் இரைச்சலுக்கு நடுவே வாய்ப்பேச்சு எடுபடாது. எத்தனை அங்குலம் என்பதை அவன் விரல்களால் காட்டுவான். வண்டிமேல் நிற்பவன் அதைப் பார்த்துக் கட்டையைத் தள்ளிக்கொடுப்பான். இரண்டு சென்டிமீட்டர் மனிதனுக்கு விரல் 0.2 மில்லிமீட்டர் தடிமன்தான் வரும், அதை வார்க்க முடியாது. கையை மட்டும் தூக்கி நிறுத்தி வைக்கிறார்கள்.