வாளி பொருந்துமா? விலை பேசுமுன் அளந்து பாருங்கள்

குடாநாட்டில் ஆறு என்று சொல்லக்கூடியது வழுக்கையாறு ஒன்றே. தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி, மாரியில் மட்டும் ஓடி, வட்டுக்கோட்டைக்கு அருகே அராலியில் கடல்நீரேரியுடன் கலக்கிறது. வழியிலுள்ள குளங்களும் வாய்க்கால்களும் தூர்ந்து கிடந்தால் மழைவெள்ளம் நிலத்தில் தங்காமல் கடலுக்குப் போய்விடும். மாரியில் வயல் அழியும். கோடையில் கிணறு உவர்க்கும். முன்னர் ஊர் கூடி மண்வெட்டியும் கடகமுமாகக் குளம் வெட்டினார்கள். இன்று அவ்வளவு கைகள் ஊரில் இல்லை. பெக்கோ இயந்திரத்தைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது.

1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறி, வட்டுக்கோட்டை, சங்கானை, சண்டிலிப்பாய் ஊர்களில் பிறர் காணியில் குடியிருந்து, குத்தகைக்குத் தோட்டம் செய்த குடும்பங்களுக்கு இந்த இயந்திரத்தின் தேவை இன்னும் அதிகம். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே பெயர்ந்தபோது அவர்களும் மறுபடி பெயர்ந்தார்கள். காணிகள் துண்டு துண்டாகத்தான் விடுவிக்கப்பட்டன. 2018 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட 683 ஏக்கரும் அவ்வாறான ஒரு துண்டே. கால் நூற்றாண்டுக்கு மேல் பற்றை வளர்ந்த காணி, இடிந்த சுவர், கல்லும் மண்ணும் போட்டு மூடிய கிணறு: இவற்றோடு மண்வெட்டியை வைத்துக்கொண்டு எந்தக் குடும்பமும் போராட முடியாது.

ஆனால் இயந்திரம் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணக்கூடாது. எமது பகுதியில் ஒரு கமக்காரர் அமைப்பு, ஜப்பானில் பாவித்து இங்கே இறக்கப்பட்ட பழைய பெக்கோ ஒன்றை வாங்கியது. அதனோடு வந்தது பல் வைத்த ஒடுங்கிய வாளி. ஓட்டுநர்கள் இதைப் 'பக்கெட்' என்பார்கள். குளத்துச் சேற்றை அள்ளுவதற்கு அகன்ற, பல் இல்லாத வாளி தேவைப்பட்டது. கொழும்பில் ஒரு வியாபாரி, "அதே தொன் மெசினுக்கு உரியதுதான், தாராளமாகப் பொருந்தும்" என்று தொலைபேசியில் சொன்னார். பணம் போயிற்று. வாளி லொறியில் வந்தது. முதலாவது துளையில் அச்சாணி இறங்கியது; இரண்டாவது துளை இரண்டு விரல் அகலம் தள்ளி நின்றது. வியாபாரி திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். பேச்சுவார்த்தையிலேயே ஆவணி கழிந்தது, புரட்டாதியில் மழை தொடங்கியது, குளம் பாதியோடு நின்றது. அந்தப் பணத்தில் பெரும்பங்கு பெண்களின் சிறுசேமிப்பு.

இதில் வியாபாரி பொய் சொன்னார் என்றுகூடச் சொல்ல முடியாது. இயந்திரத்தின் பாரம் அதே பாரம்தான். பாரம் ஒன்றாக இருந்தால் வாளியும் ஒன்றாக இருக்கும் என்ற எண்ணம்தான் தவறு.

பெயர்களும் எம்மைக் குழப்புகின்றன. மண் தோண்டும் எதையும் நாம் 'ஜே.சி.பி.' என்கிறோம். அது 1945 இல் இங்கிலாந்தில் ஜோசப் சிறில் பாம்போர்ட் என்பவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயர். சில்லில் ஓடி, முன்னால் அள்ளும் அகப்பையும் பின்னால் தோண்டும் கையும் உள்ள இயந்திரம் ஒரு வகை. சங்கிலியில் ஓடி, மேற்பகுதி முழுவதும் சுற்றித் திரும்புவது இன்னொரு வகை. "ஜே.சி.பி.க்கு ஒரு வாளி வேண்டும்" என்று கேட்பது, "காலுக்கு ஒரு செருப்பு வேண்டும்" என்று கேட்பதைப் போன்றது. ஜப்பானில் 0.25, 0.45, 0.7 என்று வாளியின் கொள்ளளவைக் கொண்டே இயந்திரத்தின் வகுப்பைச் சொல்லும் வழக்கம் உண்டு, 0.7 என்றால் ஏறத்தாழ 20 தொன் இயந்திரம். அதுவும் பருமட்டான கணக்கே. எந்தத் துளை எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லாது.

பழைய வாளியைக் கழற்றி நிலத்தில் வைத்துவிட்டு இயந்திரத்தின் கையைப் பாருங்கள். வாளியை இரண்டு அச்சாணிகள் தாங்குகின்றன. ஒன்று கையின் நுனியில் இருப்பது. வாளி இதில்தான் தொங்குகிறது. மற்றது, வாளியை உள்ளே மடக்கவும் வெளியே விரிக்கவும் செய்கின்ற இணைப்புத் தண்டில் இருப்பது. 'பின்' என்று பட்டறையில் சொல்வது இந்த அச்சாணிகளைத்தான். வாளியின் முதுகில் நிற்கும் இரண்டு தடித்த தகடுகளைக் 'காது' என்பார்கள். அச்சாணி, கை, காது ஆகிய இந்த மூன்றும் ஒத்துப்போனால் யாருடைய வாளியும் யாருடைய இயந்திரத்துக்கும் போகும். நிறமும் பெயரும் பொருட்டல்ல.

முதலில் அச்சாணியின் விட்டம். இதை அளவு நாடாவால் அளக்க வேண்டாம். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் வேணியர் இடுக்கியோடு அழைத்துச் செல்லுங்கள். பாடசாலையில் முதலில் படித்த பாடம் ஒருநாள் உதவட்டும். அச்சாணி நடுவில் தேய்ந்திருக்கும். ஆகவே தேயாத ஓரத்தில் அளக்க வேண்டும். இரண்டு அச்சாணிகளும் ஒரே பருமன் என்று நம்பிவிடாமல் இரண்டையும் அளக்க வேண்டும். 1.5 தொன் அளவிலான சிறிய இயந்திரங்களில் இது பொதுவாக 30 மி.மீ. அளவில் இருக்கும். ஜே.சி.பி. 3 சி.எக்ஸ். வகையின் பின்கையில் 45 மி.மீ. 20 தொன் வகுப்பில் கொமட்சு பி.சி. 200, ஹிட்டாச்சி இசட்.எக்ஸ். 200, கட்டர்பில்லர் 320 ஆகிய மூன்றிலும் வழமையாக 80 மி.மீ. இந்த மூன்றுக்கும் அச்சாணி ஒன்றாக இருப்பதால் வாளியும் மாறிப் போடலாம் என்று பலர் ஏமாந்திருக்கிறார்கள். ஏனைய அளவுகள் ஒவ்வொன்றிலும் வேறு.

வாங்கப்போகும் வாளியின் துளையையும் இவ்வாறே அளக்க வேண்டும். மேலிருந்து கீழாக ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை. இரண்டும் வேறுபட்டால் துளை முட்டை வடிவில் தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்தத் திருத்தச் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசலாம்.

அடுத்து அகலம். கை நுனியின் அகலத்தையும், இணைப்புத் தண்டின் அகலத்தையும், வாளிக் காதுகளுக்கு இடையே உள்ள உள் இடைவெளியையும் அளவுங்கள். காது இடைவெளி சில மி.மீ. கூடுதலாக இருப்பது நல்லது. அந்த இடைவெளியைத் தகட்டு வாசர் போட்டு நிரப்பலாம். ஒரு மி.மீ. குறைந்தாலும் கை உள்ளே போகாது. அடித்து இறக்கப் பார்த்தால் காது விரியும். இடைவெளி மிக அதிகமாக இருந்து, வாசரும் போடாமல் விட்டால் வாளி பக்கவாட்டில் ஆடி, ஒரே மாரியில் காதையும் புஷ்ஷையும் தின்றுவிடும்.

மூன்றாவது அளவுதான் மேலே சொன்ன அமைப்பைக் கெடுத்தது: இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம். துளையின் நடுவில் வெறும் காற்றுத்தான் இருக்கிறது, அங்கே நாடாவைப் பிடிக்க முடியாது. ஆகவே இரண்டு துளைகளின் கிட்டிய ஓரங்களுக்கு இடையே அளந்து, ஒவ்வொரு துளையின் விட்டத்திலும் பாதியைக் கூட்டுங்கள். உதாரணமாக, ஓரங்களுக்கு இடையே 370 மி.மீ., இரண்டு துளைகளும் 80 மி.மீ. என்றால், 370 உடன் 40 உம் 40 உம் கூட்ட 450 மி.மீ. இதுவே மைய தூரம். பழைய வாளியிலும் இதே அளவு வர வேண்டும். தூரம் கூடினால் வாளி பலமாகக் கிளறும், ஆனால் முழுவதும் மடங்காது. அள்ளிய சேறு வழியிலேயே கொட்டும். குறைந்தால் விரைவாக மடங்கும், ஆனால் பலம் குறையும். மடங்கும்போது வாளியின் முதுகு கையில் போய் இடிக்கவும் கூடும். சில மி.மீ. வித்தியாசத்தை இயந்திரம் பொறுத்துக்கொள்ளும். இரண்டு விரல் அகலத்தைப் பொறுக்காது.

நான்காவதாக, கை அச்சாணியின் மையத்திலிருந்து வாளியின் நுனிவரை உள்ள நீளம். நெம்புகோலைப் போலத்தான் இதுவும். நுனி தூரப் போகப் போக வெட்டும் பலம் குறையும். பழைய வாளியை விட அதிகம் நீளமானதை எடுக்க வேண்டாம்.

கொள்ளளவைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய வாளி போட்டால் வேலை விரைவில் முடியும் என்ற ஆசை இயல்பு. 20 தொன் இயந்திரத்தின் வழமையான வாளி 0.8 கன மீற்றர். நீர் ஊறிய களிமண் ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 1.8 தொன் நிறுக்கும். அதாவது ஒரு வாளி சேறு 1.4 தொன்னுக்கு மேல். இரும்பின் பாரம் வேறு. அதிலே 1.2 கன மீற்றர் வாளியை மாட்டினால் ஒவ்வொரு தடவையும் 2 தொன்னுக்கு மேல் சேறு. குளத்து அணைக்கட்டின் மென்மையான ஓரத்தில் நின்று, கையை முழுவதும் நீட்டி இதைத் தூக்கும்போது இயந்திரம் கவிழ்ந்தால் யாரை நோவது?

அளவு சற்று விலகியிருந்தால் பட்டறையில் சரிசெய்யலாமா? சிலவற்றைச் செய்யலாம். வாளித் துளை பெரிதாக, அச்சாணி சிறிதாக இருந்தால் லேத்தில் கடைந்த உருக்குப் புஷ் ஒன்றை இறக்கலாம். 80 மி.மீ. துளையில் 70 மி.மீ. அச்சாணி என்றால் புஷ்ஷின் சுவர் 5 மி.மீ. வரும். இதுவே அதிகம் மெல்லியதுதான். இன்னும் மெல்லியதாக்கினால் நொறுங்கும். துளை சிறிதாக இருந்தால் அதைப் பெருப்பிக்க வேண்டும். காதின் ஓரத்தில் இரும்பு குறைந்து பலம் போய்விடும். மைய தூரம் பிழைத்தால் காதையே வெட்டி எடுத்து மீண்டும் ஒட்ட வேண்டும். இது கேற் செய்யும் ஒட்டு வேலை அன்று. நான்கு துளைகளும் ஒரே கோட்டில் நிற்பதற்காக நீண்ட தண்டுகளை ஊடாகச் செலுத்தி வைத்துக்கொண்டு ஒட்ட வேண்டும். தடித்த உருக்கை முன்கூட்டியே சூடாக்க வேண்டும். ஈ 7018 வகைக் கம்பியை ஈரம் படாமல் உலர்த்திப் பாவிக்க வேண்டும். இதை அறிந்த ஒட்டுநர்கள் எம்மிடையே இருக்கிறார்கள், ஆனால் எல்லாப் பட்டறையிலும் இல்லை. புதுக் காதுக்கான செலவையும் சேர்த்துப் பார்த்தால் 'மலிவான' வாளி பல வேளைகளில் மலிவாக இருப்பதில்லை.

எந்த வேலைக்கு எந்த வாளி என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். வலிகாமத்துச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அதைக் கிளறுவதற்குப் பல் வைத்த ஒடுங்கிய வாளி வேண்டும். நீர்க்குழாய் தாழ்ப்பதற்கும் ஒடுங்கியதே போதும். குளத்துக்கு மட்டும் பல் ஆகாது. குளத்தின் அடியில் பல காலமாகப் படிந்த களிதான் தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. பல் அதைக் கீறிக் கல்லைத் திறந்துவிட்டால் நீர் நிற்காது. கடலோரப் பகுதிகளில் ஆழம் போனால் உவர்நீரும் மேலே வரும். 'அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல்' என்பது வயலுக்குச் சொன்னது.

இன்னும் மூன்று காரியங்களைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். நீண்டகாலம் மூடிக் கிடந்த காணியில், கண்ணிவெடி அகற்றப்பட்டது என்ற உறுதி கிடைக்காமல் வாளியை மண்ணில் இறக்கவே கூடாது. குளத்தில் கை வைக்குமுன் கமநல சேவை நிலையத்தின் அனுமதி வேண்டும். வெட்டிய மண்ணை வெளியே ஏற்றுவதற்குத் தனி அனுமதி வேண்டும். வாளியை அச்சாணி தட்டாமலே மாற்றுகின்ற 'குயிக் ஹிட்ச்' பொருத்திய இயந்திரமானால் அதன் பாதுகாப்புப் பூட்டு விழுந்திருக்கிறதா என்று ஓட்டுநர் இறங்கி வந்து கண்ணால் பார்க்க வேண்டும். பூட்டாத வாளி கழன்று விழுந்து ஆட்கள் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்துள்ளன.

ஆகவே, வாளி தேடுகின்ற அமைப்புக்கள் ஒரு தாளில் இயந்திரத்தின் மாதிரி இலக்கம், இரண்டு அச்சாணிகளின் விட்டம், கையின் அகலம், இணைப்புத் தண்டின் அகலம், மைய தூரம், நுனி நீளம் ஆகியவற்றை மி.மீ. கணக்கில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரியிடமும் இதே அளவுகளை எழுத்தில் கேளுங்கள். துளையில் நாடாவைப் பிடித்தபடி எடுத்த படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பதாக ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு முற்பணம் கொடுங்கள். இவ்வளவையும் ஆடி முடியுமுன் செய்தால், பிழைத்தாலும் வேறு வாளி தேட நாள் இருக்கும். வாளி வந்ததும் வெறுமையாக ஒருமுறை முழுவதும் மடக்கி விரித்து, எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்த பின்னரே மண்ணில் இறக்குங்கள். அதன் பின் ஒவ்வொரு நாள் காலையும் இரண்டு அச்சாணிகளுக்கும் கிறீஸ் அடிக்கும் பொறுப்பை ஓட்டுநரிடம் மட்டும் விடாமல் அமைப்பில் ஒருவரின் பெயரில் எழுதி வையுங்கள்.