மிளகாயும் பீட்சாவும்

சென்னை மாநகரின் தெற்கே, கீழ்க்கட்டளையிலிருந்து மேடவாக்கம் செல்லும் சாலையில் அமைந்துள்ளது கோவிலம்பாக்கம். ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூராய் இருந்த அவ்வூர், இன்று அடுக்குமாடி வீடுகளும் உணவு விடுதிகளும் நிறைந்த புறநகராய் மாறிவிட்டது. மாலை வேளையில் புரோட்டாக் கல்லின் ஓசையும் பீட்சா அடுப்பின் மணமும் அங்கே ஒருங்கே எழும். அத்தகைய விடுதி ஒன்றில் பள்ளித் தோழியர் நால்வர் கூடிப் பன்னீர்த் துண்டும் பச்சை மிளகாயும் கரம் மசாலாவும் இட்ட பீட்சா ஒன்றைப் பகிர்ந்து உண்பதாகக் கொள்வோம். ஒருத்தி, "எவ்வளவு காரம் இட்டாலும் இஃது அயல்நாட்டு உணவே, நம்முடையது ஆகாது" என்கின்றாள். மற்றொருத்தியோ, "நல்ல இத்தாலிய உணவை மிளகாய் இட்டுக் கெடுத்துவிட்டனர்" என்று குறை கூறுகின்றாள். ஏனைய இருவரும் வாதத்தில் கலவாமல் உண்பதிலேயே கருத்தாய் இருக்கின்றனர். வழக்கிட்ட இருவர் கூற்றிலும் உண்மை எவ்வளவு என்று ஆராய்வோம்.

பீட்சாவின் தாயகம் இத்தாலியின் தென்பகுதியிலுள்ள நேப்பிள்ஸ் என்னும் துறைமுக நகரம். அந்நகரத்து ஏழைத் தொழிலாளர் பூண்டும் எண்ணெயும் தடவிய தட்டை ரொட்டியைத் தெருவில் வாங்கி உண்டு பசியாறினர். 1889-இல் மார்கரிட்டா என்னும் அரசிக்காகத் தக்காளியும் பாலாடைக்கட்டியும் பச்சிலையும் இட்டு ஒரு பீட்சா படைக்கப்பட்டது என்று ஒரு கதை வழங்குகின்றது. வரலாற்று அறிஞர் சிலர் அதனை ஐயுறுவர். கதை எவ்வாறாயினும், பீட்சா என்றவுடன் தக்காளியே நினைவிற்கு வருகின்றது. ஆனால் அத்தக்காளி இத்தாலியில் தோன்றியதன்று. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492-இல் கொலம்பஸ் கடல் கடந்து சென்ற பின்னரே ஸ்பானியர் வாயிலாக அஃது ஐரோப்பாவை அடைந்தது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில், அந்தோனியோ லத்தீனி என்பவர் நேப்பிள்சில் வெளியிட்ட சமையல் நூலில் தக்காளிச் சாற்றின் செய்முறை ஒன்று காணப்படுகின்றது. அதனை அவர் 'ஸ்பானிய முறை' என்றே குறித்தார். இன்று இத்தாலியர் தமதெனப் போற்றும் சுவை, அன்று அவர்களுக்கே அயலார் பண்டமாய் இருந்தது!

இனி நம் மிளகாயை நோக்குவோம். தக்காளியைப் போலவே அதுவும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்தான். போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் அதனை இந்தியக் கரைக்குக் கொணர்ந்தனர். மிளகைப் போன்று காரமுடைய காய் ஆதலின் நம்மவர் அதற்கு மிளகாய் என்று பெயரிட்டனர். அதற்கு முன்பு தமிழர் உணவிற்குக் காரம் தந்தது மிளகே. சங்க நூல்களில் அது 'கறி' என்று வழங்குகின்றது. சேரநாட்டு முசிறித் துறையிலிருந்து யவனர் கப்பல்களில் ஏறிய அம்மிளகு, எகிப்தின் வழியே உரோமாபுரியை அடைந்தது. செங்கடற் கரையிலுள்ள பெரெனிக்கே என்னும் பழந்துறையில், இந்தியத் தாழி ஒன்றினுள் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு அகழ்வாய்வில் கிடைத்துள்ளது. வெறும் காரத்திற்காகவா இதனை மக்கள் இத்துணை விரும்புகின்றனர் என்று உரோமானிய அறிஞர் பிளினி வியந்தார். ஆகவே, இத்தாலியர் உணவில் நம் நாட்டுக் காரம் புகுந்து ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் ஆயின. இன்றும் தென் இத்தாலியின் கலாப்ரியா பகுதியினர் மிளகாயைப் பெரிதும் விரும்பி உண்கின்றனர். இதனைக் கேட்டால் இரண்டாம் தோழி சற்றே தயங்கக்கூடும்.

1996-ஆம் ஆண்டில் டாமினோஸ் நிறுவனம் புதுதில்லியிலும், பீட்சா ஹட் நிறுவனம் பெங்களூரிலும் இந்தியாவில் தத்தம் முதற்கடைகளைத் திறந்தன. நம் மக்களின் நாவிற்கேற்பப் பன்னீரும் தந்தூரி மசாலாவும் விரைவில் பீட்சாவின்மீது ஏறின. ஊத்தப்பத்தின்மேல் வெங்காயமும் மிளகாயும் தூவி உண்டு பழகிய நமக்கு அஃது அத்துணைப் புதுமையன்று.

எனினும், கையிற் கிடைத்தவற்றையெல்லாம் மேலே குவித்துவிடுதல் சமையலாகாது. இவ்வளவில் இரண்டாம் தோழியின் குறை நேர்மையானதே. 2017-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த நேப்பிள்ஸ் பீட்சாக் கலையில், விறகடுப்பு ஏறத்தாழ 485 பாகை செல்சியசு வெப்பத்தில் இருக்கும். ஒன்றரை நிமிடத்திற்குள் பீட்சா வெந்துவிடும். நீர்த்த மசாலாவை அதன்மேல் ஊற்றினால் நீர் ஆவியாவதற்குள் மாவு ஊறிப் பிசுபிசுத்துப் போகும். ஆதலின் மசாலாவை முன்னரே நன்கு சுண்ட வதக்கிச் சேர்த்தல் வேண்டும். பன்னீரின் இயல்பும் வேறு. புளிப்பினால் திரித்த பாலில் சுண்ணாம்புச் சத்தில் ஒரு பகுதி பிரிந்து நீருடன் போய்விடுவதால், பன்னீர் சூட்டில் உருகாமல் துண்டாகவே நிற்கும். நொதியினால் உறையச் செய்து, வெந்நீரில் பிசைந்து இழுத்த மொசரெல்லாவோ உருகி நூலாய் நீளும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. ஆதலின் காரப் பீட்சாவில் இரண்டும் வேண்டும்.

மிளகாயிலுள்ள கேப்சைசின் என்னும் பொருள், நாவில் வெப்பத்தை உணரும் நரம்பு வாயில்களையே தூண்டுகின்றது. காரம் சூடாகத் தோன்றுவது இதனாலேயே. அவ்வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். கேப்சைசின் நீரில் எளிதில் கரையாது, கொழுப்பில் கரையும், பாலிலுள்ள கேசின் என்னும் புரதம் அதனைப் பற்றி அகற்றும். பீட்சாவின் பாலாடைக்கட்டி காரத்தைத் தணிப்பது இவ்வாறே. அதற்கும் அடங்காத காரமாயின், தண்ணீரை நாடுவதினும் ஒரு குவளை மோர் பருகுதல் நன்று.