தேசிங்கு ராஜாவின் குதிரைக்குக் கொள்ளு வைத்தது யார்?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் தேசிங்கு ராஜா கதை தெரியாதவர்கள் ரொம்பக் குறைவு. கதைப்பாடல், தெருக்கூத்து, 1960ல் எம்.ஜி.ஆர். நடித்த படம் என்று பல வழியில் அந்தக் கதை நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. தேசிங்கின் குதிரை பாராசாரி. நண்பன் மகபத்கானின் குதிரை நீலவேணி. முன்னூறு வருஷம் கழித்தும் குதிரைகளின் பெயர்கூட நமக்குத் தெரிகிறது. ஆனால் அந்தக் குதிரைகளுக்குத் தினமும் தீனி வைத்து, தேய்த்து, குளம்பு பார்த்த ஆளின் பெயர் நம் யார் நினைவிலும் இல்லை. இந்தக் கட்டுரை அந்த ஆளைப் பற்றியது.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். செஞ்சிக் கோட்டையை மராட்டியரிடமிருந்து மொகலாயர் பிடித்தது 1698ல். அதன்பின் கோட்டைப் பொறுப்புக்கு வந்தவர் சொரூப்சிங் என்ற புந்தேலா ராஜபுத்திரர். அவர் மகன்தான் தேஜ்சிங். நம்ம ஊர் வாயில் அது தேசிங்கு ஆகிவிட்டது. 1714ல் அப்பா இறந்ததும் தேசிங்கு கோட்டையை எடுத்துக்கொண்டான். கப்பப் பாக்கி கேட்டு ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையோடு வந்தார். நவாப் பக்கம் பல ஆயிரம் பேர், தேசிங்கு பக்கம் சில நூறு குதிரை வீரர்கள். அக்டோபர் மாதம் நடந்த சண்டையில் தேசிங்கு மாண்டுபோனான். அப்போது அவனுக்கு இருபது வயதுக்குச் சற்று மேலேதான்.

இங்கே ஒரு கேள்வி. அந்தச் சில நூறு குதிரைகள் இந்த ஊரில் எப்படி உயிரோடு இருந்தன? கேள்வி விளையாட்டாகத் தெரியலாம். ஆனால் தமிழ்நாட்டில் குதிரையை உயிரோடு வைத்திருப்பதே பெரிய பாடு.

தேசிங்குக்கு நானூறு வருஷம் முந்தைய பாண்டியர் காலத்துக்குப் போவோம். 1290களில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதுகிறார்: ஓர்முஸ், ஏடன் மாதிரித் துறைமுகங்களிலிருந்து வருஷத்துக்கு இரண்டாயிரம் குதிரைக்கு மேல் ராஜா வாங்குகிறார், வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை. காரணம், லாடம் கட்டவும் வைத்தியம் பார்க்கவும் இங்கே ஆள் கிடையாது. விற்கிற வியாபாரிகள் அந்த வேலைக்காரர்களை வேண்டுமென்றே கூட்டி வருவதில்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் வியாபாரம்!

கிட்டத்தட்ட அதே காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், குதிரை ஒன்றின் விலை 220 பொன் தினார் என்கிறார். வழியில் கடலில் செத்த குதிரைக்கும் ராஜாதான் காசு கொடுக்க வேண்டும். இவ்வளவு கொடுத்து வாங்கிய குதிரைக்கு இங்கே வறுத்த தானியத்தை நெய்யோடு கொடுத்தார்கள், காய்ச்சிய பாலைக் குடிக்க வைத்தார்கள் என்கிறார். வெளியூரிலிருந்து வந்தவர்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் அடிப்படை விஷயம் சரி. குதிரையின் உடம்பு புல்லுக்கு ஏற்ற உடம்பு. இரைப்பை ரொம்பச் சின்னது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க மேய வேண்டும். வாந்தி எடுக்கவும் அதால் முடியாது. உள்ளே போன தீனி ஒத்துக்கொள்ளாவிட்டால் வயிற்று வலி வந்து, உருண்டு புரண்டு, ஒரே ராத்திரியில் செத்துப்போகும். தானியம் அதிகமானால் குளம்புக்குள்ளே வீக்கம் வந்து நிற்கக்கூட முடியாமல் போகும். பாசமாக நெய் ஊற்றிக் கொல்வது என்றால் இதுதான்.

இதை எல்லாம் தெரிந்து குதிரையைக் காப்பாற்றியவர்தான் குதிரைக்காரர். வடக்கே 'சயிஸ்' என்பார்கள். சென்னை மாகாணத்து வெள்ளைக்காரர்கள் நம்ம சொல்லுக்குச் சமமாக 'ஹார்ஸ்கீப்பர்' என்றே சொன்னார்கள்.

அவர் வேலையைப் பாருங்கள். விடியுமுன் லாயத்தில் இருக்க வேண்டும். முதலில் சாணியைப் பார்ப்பார், வயிறு எப்படி இருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். நாலு குளம்பையும் தூக்கி, உள்ளே சிக்கிய கல்லையும் சேற்றையும் நோண்டி எடுப்பார். ஐப்பசி மழையில் லாயம் ஈரமாக இருந்தால் குளம்பு அழுகிவிடும். குளம்பு நம் நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருப்பதால் ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை சீவி லாடம் மாற்றவேண்டும். கொள்ளை அப்படியே கொட்டக்கூடாது, ஊறவைத்தோ வேகவைத்தோ கொடுத்தால்தான் செரிக்கும். ஓடி வந்த குதிரையை உடனே கட்டிவிட்டுத் தானியம் வைக்கக்கூடாது, மெல்ல நடத்தி மூச்சு அடங்கவிட வேண்டும். இதில் ஒன்றுக்கும் லீவு கிடையாது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு எடையில் சுமார் 2 சதவீதம், அதாவது 8 கிலோ உலர்ந்த தீனி வேண்டும். பச்சைப் புல்லில் முக்கால்வாசி தண்ணீர். ஆக, புல் மட்டும் என்றால் 32 கிலோ. 300 குதிரைக்குத் தினமும் கிட்டத்தட்ட பத்து டன் புல்! குதிரைக்கு 30 லிட்டர் என்று வைத்தாலும் 9,000 லிட்டர் தண்ணீர். கொள்ளும் வைக்கோலும் கொடுத்துப் புல்லைப் பாதியாகக் குறைத்தாலும் ஐந்து டன்னைச் செஞ்சியின் பாறைக்காட்டில் யாரோ அறுத்து, தலையில் சுமந்து கொண்டுவர வேண்டும். வெள்ளைக்காரர் காலத்தில் குதிரைக்காரரோடு புல் அறுக்கத் தனியாக ஒரு ஆள் வைத்தது இதனால்தான். பல இடங்களில் அது குதிரைக்காரரின் மனைவியாகவே இருக்கும்.

இப்போது மறுபடி 1714க்கு வருவோம். மழைக்காலம். ஆற்றில் வெள்ளம். தேசிங்கு காத்திருக்காமல் குதிரையை வெள்ளத்தில் இறக்கிக் கடந்தான், கொஞ்சம் பேர்தான் கூடவே கடக்க முடிந்தது என்கிறது வரலாறு. வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் பயந்த சுபாவம் கொண்ட ஒரு மிருகம், மனுஷன் பேச்சை நம்பி ஓடுகிற வெள்ளத்தில் கால் வைக்கிறது என்றால், அந்த நம்பிக்கை அன்றைக்குக் காலையில் வந்ததல்ல. தினமும் கழுத்தைத் தடவி, பேசி, அதட்டி, குளத்தில் இறக்கிக் குளிப்பாட்டிய ஒருவர் வருஷக்கணக்கில் சேர்த்து வைத்தது. அந்த முதலைத்தான் தேசிங்கு ஒரே நாளில் செலவு செய்தான்.

நான் பிழைப்பது மென்பொருளில். எங்கள் தொழிலிலும் இதே கதைதான். புதிதாக ஒன்றைக் கட்டி மேடையில் காட்டுபவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். அது ராத்திரி விழாமல் பார்த்துக்கொள்கிறவர் பெயர், விழுந்தால் மட்டும்தான் கேட்கப்படும்.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி முப்பது கிலோமீட்டருக்குள்தான். போகிறவர்கள் நேராக ராஜகிரி உச்சிக்கு ஏறுவார்கள். ஏறும் முன் கீழே கல்யாண மகால் பக்கம் வரிசையாக இருக்கும் லாயங்களில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். எந்தப் பலகையிலும் பெயர் இல்லாத பலர் விடியுமுன் எழுந்து வேலை பார்த்த இடம் அது.