வாழையடி வாழையாக வரும் வாடல் நோய்



செலாயாங் மொத்தச் சந்தையில் விலைபோகும் வாழைப்பழத்தை நாம் எல்லாரும் அறிவோம். நம் தோட்டத்து வீடுகளின் பின்புறமும் நாலு வாழை நிற்கும். வீட்டுக்கு இலை, பூசைக்குப் பழம், மிஞ்சினால் கைச்செலவுக்குக் காசு. அந்த வாழை குலை தள்ளும் நேரத்தில் வாடிச் சாய்ந்தால், ஓராண்டு உழைப்பும் வீணாகிறது. அந்த வாடல் நோயைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

இதற்குப் பனாமா வாடல் என்று பெயர். பியுசேரியம் என்னும் பூஞ்சைக் காளான் மண்ணிலிருந்து வேர் வழியே நுழைந்து, தண்டில் நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. முதலில் அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகும். பிறகு காம்பு ஒடிந்து, பாவாடை கட்டியதுபோல் தண்டைச் சுற்றித் தொங்கும். தண்டின் அடி வெடிப்பதும் உண்டு. வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்புக் கோடுகள் தெரியும். காயின் உட்புறமே நிறம் மாறி அழுகியிருந்தால், அது பாக்டீரியாவால் வரும் வேறு நோய்.

ஒரே மண்ணில் ஒரு வாழை சாக, இன்னொன்று பிழைப்பது ஏன்? எதிர்ப்புச் சக்தியுள்ள வாழை, பூஞ்சை நுழைந்த குழாயைப் பிசின் போன்ற பொருளால் விரைந்து மூடி, அதை அங்கேயே சிறைவைக்கிறது. சக்தியற்ற வாழை மூடுவதற்குள் பூஞ்சை மேலே ஏறிவிடுகிறது.

நாம் பீசாங் எம்புன் என்று அறிந்த குரோஸ் மிச்செல் வாழைதான் ஒரு காலத்தில் உலகச் சந்தையை ஆண்டது. 1950களிலும் 1960களிலும் இந்நோயால் அது வீழ்ந்தது. அதன் இடத்திற்கு, நோயைத் தாங்கும் கேவண்டிஷ் வந்தது. ஆனால் 1967இல் தைவானில் கேவண்டிஷும் வாடத் தொடங்கியது. பூஞ்சையில் புதியதொரு இனம் தோன்றியிருந்தது. 1990களின் தொடக்கத்தில் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஏற்றுமதிக்கென நட்ட கேவண்டிஷ் தோட்டங்களை அது அழித்தது. 2019இல் கொலம்பியாவையும் எட்டியது. நம் பெராங்கானும் ரஸ்தாளியும் இந்தப் புதிய இனத்துக்குத் தப்புவதில்லை. ரஸ்தாளி பழைய இனத்துக்கும் பலியாகும். ஆகவே, ஓரினப் பூஞ்சையைத் தாங்கும் ரகம் எல்லா இனத்தையும் தாங்கும் என்று எண்ணக் கூடாது.

தைவான் ஆய்வாளர்கள் திசு வளர்ப்புக் கன்றுகளிலிருந்து ஃபொர்மோசானா போன்ற ரகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவற்றில் நோய் குறையுமே தவிர, அடியோடு நீங்காது. 2024இல் ஆஸ்திரேலியா அனுமதி அளித்த கேவண்டிஷ் ரகம் ஒன்றில், காட்டு வாழையின் மரபணுவைச் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் காட்டு வாழை, விதை நிறைந்திருப்பதால் நாம் தின்னாமல் ஒதுக்கும் மலாயாக் காட்டு வாழை இனமே!

இனி, நாம் செய்ய வேண்டியது என்ன? இந்நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை. பூஞ்சை பல பத்தாண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடக்கும். வாடிய புதரின் பக்கக்கன்று வெளிக்குப் பச்சையாகத் தெரிந்தாலும் உள்ளே நோய் இருக்கலாம். அதைப் பெயர்த்து உறவினருக்குக் கொடுப்பது, நோயைக் கையில் கொடுப்பதாகும். நோயுற்ற மரத்தை இழுத்துச் செல்லாதீர்கள். மண்வெட்டியிலும் காலணியிலும் ஒட்டிய மண்ணை அங்கேயே கழுவித் துடையுங்கள். விவசாய இலாகாவுக்குத் தெரிவியுங்கள். புதிதாக நட, நம்பகமான இடத்தில் திசு வளர்ப்புக் கன்று வாங்குங்கள். அது நோயின்றி வரும். ஆனால் நோயுள்ள மண்ணில் நட்டால் அதுவும் வாடும். அங்கே மரவள்ளியோ வெண்டையோ போடலாம். வாழைப் பூஞ்சை அவற்றை வாட்டாது.

வாழையடி வாழையாகக் குலம் தழைக்க வேண்டும் என்று வாழ்த்துகிறோம். அந்த வாழ்த்து பலிக்க, கன்று எடுக்குமுன் தாய் மரத்தைப் பார்த்துக் கொள்வோம்.