பெயர் பார்த்தார்கள், மனுவை ஒதுக்கினார்கள்!

அமெரிக்காவில் பாஸ்டன், சிகாகோ என்று இரண்டு பெரிய நகரங்கள். அங்குள்ள பத்திரிகைகளில் "வேலைக்கு ஆள் தேவை" என்று விளம்பரங்கள் வந்தன. மனுக்கள் குவிந்தன.

அவற்றில் சில மனுக்கள் விசித்திரமானவை. அவற்றில் கண்ட பெயர் உள்ள ஆட்களே கிடையாது!

ஆம், அது ஒரு சோதனை. 2001, 2002-ம் ஆண்டுகளில் நடந்தது. நடத்தியவர்கள் இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள். ஒருவர் மரியான் பெர்ட்ரான்ட் என்ற பெண்மணி. மற்றவர் செந்தில் முல்லைநாதன். இந்தியாவில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்கா சென்றவர்.

சுமார் 1,300 விளம்பரங்களுக்கு, ஏறத்தாழ 5,000 மனுக்களை அவர்கள் அனுப்பினார்கள். படிப்பும் அனுபவமும் இரு பக்கமும் சமம். பெயர்தான் வேறு. பாதி மனுக்களில் எமிலி, கிரெக் போன்ற பெயர்கள். அவை வெள்ளையர் வைத்துக்கொள்ளும் பெயர்கள். மறு பாதியில் லக்கீஷா, ஜமால் போன்ற பெயர்கள். அவை கறுப்பின மக்கள் வைத்துக்கொள்ளும் பெயர்கள்.

8 ஆண்டு அனுபவம்

முடிவு 2004-ல் வெளியாயிற்று. வெள்ளையர் பெயர் இருந்த மனுக்களில் பத்துக்கு ஒன்று வீதம் அழைப்பு வந்தது. கறுப்பர் பெயர் இருந்தால் பதினைந்துக்கு ஒன்றுதான்!

ஒருவர் கூடுதலாக 8 ஆண்டுகள் வேலை பார்த்திருந்தால் எவ்வளவு மதிப்பு உண்டோ, அவ்வளவு மதிப்பு வெறும் பெயருக்குக் கிடைத்திருந்தது.

மனுவைப் பிரித்தவர்கள் எல்லாரும் கெட்டவர்களா? "கறுப்பர் வேண்டாம்" என்று அங்கே யாரும் பலகை மாட்டவில்லை. கேட்டிருந்தால், "நான் நிறம் பார்ப்பவனே அல்ல" என்று பலர் சத்தியம் செய்திருப்பார்கள். அது பொய்யாகவும் இருந்திராது. மனத்தில் ஒளிந்திருக்கும் எண்ணம், அவருக்கே தெரியாமல் அவர் கையைப் பிடித்து நடத்திவிடும்.

சின்ன முள்

இதைப் போன்ற சிறு செயல்களுக்கு ஒரு டாக்டர் பெயர் சூட்டினார். அவர் செஸ்டர் பியர்ஸ். கறுப்பினத்தைச் சேர்ந்தவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மனநோய் மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். 1970-ல் அவர் வைத்த பெயர், "மைக்ரோ அக்ரஷன்". "நுண்ணிய தாக்குதல்" என்று பொருள்.

ஒரு கறுப்பர் லிப்டில் ஏறுகிறார். உள்ளே நிற்கும் அம்மாள் தன் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்.

அவர் கடைக்குள் நுழைகிறார். கடைச் சிப்பந்தி அவர் பின்னாலேயே வருகிறார்.

சீன வம்சத்துப் பெண் ஒருத்தி. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளிடம் ஒருவர், "உன் இங்கிலீஷ் ரொம்ப நன்றாக இருக்கிறதே!" என்கிறார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார். அவள் காதிலோ, "நீ இந்த ஊர்க்காரி அல்ல" என்றுதான் விழுந்தது.

ஒருமுறை என்றால் மறந்துவிடலாம். தினமும் நடந்தால்? ஒரு முள் குத்தினால் பிடுங்கிப் போடலாம். வழியெல்லாம் முள் என்றால் நடப்பது எப்படி? ஒவ்வொன்றும் சிறியது, சேர்ந்தால் பெரியது என்பதுதான் பியர்ஸ் சொன்னது.

பொம்மை சொன்ன பாடம்

குழந்தைகளையும் இது விடுவதில்லை. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதி மனோதத்துவ நிபுணர்கள். 1940-களில் அவர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். கறுப்பர், வெள்ளையர் குழந்தைகளைப் பல மாநிலங்களில் தனித்தனிப் பள்ளிக்கூடங்களில் பிரித்து வைத்திருந்த காலம் அது.

3 முதல் 7 வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகளின் முன் பொம்மைகளை வைத்தார்கள். எல்லாம் ஒரே அச்சு. சில வெள்ளை நிறம். சில பழுப்பு நிறம்.

"எது நல்ல பொம்மை?" என்று கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டின.

கடைசியில், "உன்னைப் போல இருக்கும் பொம்மை எது?" என்று கேட்டார்கள். சில குழந்தைகள் அழுதுவிட்டன!

பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிரிப்பது செல்லாது என்று 1954-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் குறிப்பில் கிளார்க்கின் ஆராய்ச்சியும் இடம்பெற்றது.

கண்டுபிடிப்பது எப்படி?

வேற்று இனத்தார் ஒருவரிடம் பேசுமுன் உங்களையே கேட்டுப் பாருங்கள்: "இதே கேள்வியை என் இனத்தாரிடமும் கேட்பேனா? இதே பாராட்டை அவர்களுக்கும் சொல்வேனா?" இல்லை என்று மனம் சொன்னால், கோளாறு அங்கேதான்.

"நீங்கள் சொன்னது மனத்தை நோகச் செய்தது" என்று ஒருவர் சொன்னால், "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று வாதாட வேண்டாம். வேண்டும் என்று மிதித்தாலும், தெரியாமல் மிதித்தாலும் கால் வலிக்கத்தான் செய்யும். "தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்" என்றால் போதும். மறுமுறை அப்படிச் சொல்லாமல் இருந்தால், அது இன்னும் மேல்.

வீட்டில் பெரியவர்கள் பேசும்போது, மூலையில் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும். அது கவனிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். அதன் கையில் உள்ள பொம்மைக்கும் ஒரு நிறம் உண்டு.