பழைய சறுக்குப் பலகையைத் திருத்துவதா, அப்படியே விடுவதா?

அறுகம்பையை வெளிநாட்டவர்களின் கடற்கரையாகவே செய்திகளில் பார்த்துப் பழகிவிட்டோம். 2019 செப்டெம்பரில் அங்கு சர்வதேச அலைச்சறுக்குப் போட்டி நடந்தபோது வெளியான படங்களும் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தன. ஆனால் பொத்துவில், உல்லை, பாணமைப் பக்கங்களில் வீடுகளின் பின்புறங்களைப் பார்த்தால் வேறொரு கதை தெரியும். மூக்கு உடைந்த, வால் பிளந்த, மஞ்சள் பூத்த சறுக்குப் பலகைகள் மதிலோடு சாத்திவைக்கப்பட்டிருக்கும். ஒக்டோபரில் சீசன் முடிந்து ஊர் திரும்பும் பயணிகள், உடைந்த பலகைக்கும் விமானத்தில் காசு கட்டவேண்டுமா என்று விட்டுச் சென்றவை அவை. அந்தக் கரையோரத்துப் பிள்ளைகளில் பலர் அலையில் எழுந்து நிற்கப் பழகியது இப்படியான பலகைகளில்தான்.

புதிய பலகை ஒன்றை வாங்குவது கடற்றொழிலை நம்பிய குடும்பமொன்றுக்கு ஆகிற காரியமல்ல. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிப் பொருட்களின் விலை எங்கே போய் நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே 'இதைத் திருத்தலாமா?' என்பது பொழுதுபோக்குக் கேள்வியல்ல. அலைச்சறுக்குப் பழக்கிக் கொடுத்து உழைக்க நினைக்கும் ஓர் இளைஞனுக்கு அது தொழிலின் கேள்வி. வேறு சில வீடுகளில் அது வேறு கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், பலகை எதனால் ஆனது? உள்ளே நுரை. அந்த நுரையின் நடுவே மூக்கிலிருந்து வால்வரை ஓடும் ஒரு மெல்லிய மரச்சட்டம். அதைச் சுற்றி ரெசின் ஊறிய கண்ணாடி இழைத்துணி. வன்னியிலும் கிழக்கிலும் கடற்றொழில் செய்பவர்களுக்கு இது புதிதல்ல. பைபர் படகின் உடலும் ரெசினும் கண்ணாடி இழையும்தான். (எங்கள் பேச்சில் படகும் 'போட்', பலகையும் 'போட்'. உறவு பெயரிலும் இருக்கிறது.) படகு ஒட்டத் தெரிந்தவருக்குப் பலகை ஒட்டவும் பாதி தெரியும். மீதிப் பாதி தெரியாமல் கைவைத்தால் பலகை போய்விடும்.

பலகைகளில் பெரும்பாலும் இரண்டு வகை நுரைகள் இருக்கும். ஒன்று பொலியுரித்தேன். உடைந்த இடத்தில் பார்த்தால் பாண் துண்டு போல நுண்ணிய துளைகளுடன், விரலில் மாவாக ஒட்டும். பழையதானால் பழுப்பாகியிருக்கும். மற்றது ரெஜிபோம் வகை. உடைந்த இடத்தில் சிறு சிறு உருண்டைகள் தெரியும். படகுக்குப் பயன்படுத்தும் பொலியெஸ்டர் ரெசினைப் பொலியுரித்தேன் பலகைக்குத் தாராளமாகப் பூசலாம். ரெஜிபோமில் பூசினால் அந்த ரெசினில் உள்ள ஸ்டைரீன் நுரையைக் கரைத்துவிடும். கண்முன்னே குழி விழும். அதற்கு எபொக்சி ரெசின்தான் வேண்டும்.

பலகையின் வயதும் ஒரு குறிப்பைத் தரும். உலகச் சந்தைக்குப் பொலியுரித்தேன் நுரையைப் பெருமளவில் வழங்கிவந்த அமெரிக்காவின் கிளார்க் ஃபோம் நிறுவனம் 2005 டிசெம்பரில் திடீரென மூடப்பட்டது. எபொக்சிப் பலகைகள் வேகமாகப் பரவியது அதன் பிறகுதான். எனவே சுனாமிக்கு முந்திய பலகை என்றால் அது பொலியுரித்தேனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் உடைந்த இடத்தைப் பார்த்தே உறுதிசெய்யுங்கள்.

அடுத்தது தண்ணீர். மீன் நிறுக்கும் தொங்கு தராசு போதும். ஆறடிப் பலகை மூன்று கிலோவுக்கு அண்மித்து இருப்பது வழமை. ஐந்து கிலோ காட்டினால் அது கடலைக் குடித்திருக்கிறது. மெழுகைச் சுரண்டிவிட்டு, உடைந்த இடத்தை நல்ல தண்ணீரில் கழுவி, ஓட்டை கீழே இருக்கும்படி நிழலில் சாத்திவையுங்கள். வெயிலில் வேண்டாம், தகரக் கொட்டிலுக்குள்ளும் வேண்டாம். சூட்டில் உள்ளே இருக்கும் வாயு விரிந்து, மேல்தோல் நுரையை விட்டுக் கழன்றுவிடும். வாரம் ஒருமுறை நிறுத்து எழுதிவாருங்கள். எடை குறைந்துகொண்டே போனால் இன்னும் காய்கிறது என்று அர்த்தம். இதற்கு மாதங்கள்கூட ஆகலாம். ஈரத்தின் மேல் ரெசின் பூசினால் சில நாட்களிலேயே உரிந்துவிடும். அவசரப்பட்டு வீணாகிய பலகைகள்தான் அதிகம் என்பது என் கணிப்பு.

மஞ்சள் நிறத்தைக் கண்டு பயப்படத் தேவையில்லை. அது வெயிலின் வேலை. பயப்பட வேண்டியவை வேறு. பெருவிரலால் அழுத்தும்போது தோல் உள்ளே போய் 'டொக்' என்று திரும்பி வருகிறதா? நடு மரச்சட்டம் கறுத்து உக்கியிருக்கிறதா? பலகைக்குக் குறுக்கே, அடியிலும் மேலுமாக மடிப்பு விழுந்திருக்கிறதா? கால்கயிறு கட்டும் குமிழ் ஆடுகிறதா? விளிம்பில் உள்ள சிறு உடைவுகள் ஒருநாள் வேலை. இரண்டாக முறிந்த பலகையையும் பொருத்தலாம். ஆனால் பாரம் கூடும், பழைய வளைவு வராது. பழகுபவருக்குப் போதும், பெரிய அலைக்கு வேண்டாம். மரச்சட்டம் நீளத்துக்கு உக்கியிருந்தால் கைவிடுவதே நல்லது. கால்கயிற்றுக் குமிழைச் சரிசெய்யாமல் எந்தப் பலகையையும் கடலில் இறக்கக் கூடாது. அது கழன்றால், பலகை பின்னால் நிற்பவரின் தலைக்குப் போகும்.

படகு வேலை செய்பவரிடம் கொடுப்பதானால் ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள். படகுக்குப் போடும், இழைகள் கலைந்து கிடக்கும் தடித்த பாய் பலகைக்கு ஒத்துவராது. ரெசினை அளவுக்கு மிஞ்சிக் குடித்துப் பாரமாகும். நெய்த மெல்லிய துணி வேண்டும். பொலியெஸ்டர் ரெசினை இறுக வைக்கும் திரவம் பொதுவாக நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்குதான். எங்கள் வெக்கைக்கு ஒன்றே பெரும்பாலும் போதும். அந்தத் திரவம் கண்ணில் பட்டால் பார்வை போகலாம். உடனே ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவி வைத்தியசாலைக்குப் போகவேண்டும். கோபால்ட் தனியாக வருமானால் அதையும் இதையும் நேரடியாகக் கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். தேய்க்கும்போது பறக்கும் தூசு நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசம் போடுங்கள். பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள்.

இனி, மேலே தள்ளிவைத்த கேள்வி. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பொத்துவிலுக்கு அண்மையில், சுனாமிக்கு முந்திய பலகையொன்று இருக்கிறது. விடுதியொன்றில் வேலைசெய்த மூத்த மகனுக்கு வெள்ளைக்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. அந்த மகன் இப்போது இல்லை. எப்படி இல்லாமற் போனார் என்பதை எழுதவேண்டாம் என்று தாயார் கேட்டுக்கொண்டார். மகளின் மகனுக்குப் பதினான்கு வயது. மாமாவின் பலகையைத் திருத்தித் தரும்படி அவன் கேட்கிறான். அம்மம்மாவுக்கு அதில் யாரும் கைவைக்கக் கூடாது.

பலகையைத் தடவிப் பார்த்தால் தாயாரின் தயக்கம் புரியும். நெடுநாள் பாவித்த பலகையின் மேற்பக்கத்தில், நிற்பவரின் குதிக்கால் விழுந்து விழுந்து சிறு குழிகள் உண்டாகும். எல்லாப் பழைய பலகைகளிலும் உள்ளதுதான். இந்தப் பலகையில், தோல் கழன்றிருப்பதும் சரியாக அந்தக் குழிகள் இருக்கும் இடத்தில். கடலுக்கு ஏற்றபடி திருத்துவதானால் அந்தத் தோலை வெட்டி எடுத்து, கீழே நுரையை நிரவி, புதிய துணி போடவேண்டும். பலகை பலமாகும். கால் பதிந்த இடம் இருக்காது.

இப்படியான வீடுகளுக்கு மூன்றாவது வழியொன்று உண்டு. திருத்துவதல்ல, மேலும் கெடாமல் நிறுத்துவது. காயவிட்டு, திறந்த ஓட்டைகளை மட்டும் சிறிதளவு ரெசினால் அடைத்து, தேய்க்காமல், மினுக்காமல், வெயில் படாத சுவரில் இரண்டு இடங்களில் தாங்குகொடுத்து வைப்பது. எதைச் செய்தாலும், முதலில் பலகை முழுவதையும் படம் எடுத்துவையுங்கள். அடிப்பக்கத்தில், மரச்சட்டத்தின் ஓரமாக, கண்ணாடித் தோலுக்குக் கீழே, செய்தவர் பென்சிலால் எழுதிய அளவுகளும் பெயரும் பெரும்பாலும் இருக்கும். ஒருமுறை ஆழமாகத் தேய்த்தால் போய்விடும். பழைய பலகைகளைச் சேகரிப்பவர்கள் விலை பேசுவதும் இந்த எழுத்தையும் பழைய தோலையும் பார்த்துத்தான். புதிதுபோல் ஆக்கிய பலகைக்கு அவர்களிடம் மதிப்புக் குறைவு.

என்னைக் கேட்டால், அந்த வீட்டுப் பலகையைத் திருத்தவேண்டாம் என்பேன். பையனுக்கு வேறொன்று கிடைக்கும், சீசன் முடிவில் உல்லையில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் நான் கடல் தெரிந்தவளே தவிர, அந்த வீட்டுக்காரியல்ல. பையனோ, மாமா இருந்திருந்தால் இதைச் சுவரில் தொங்கவிட்டிருக்க மாட்டார் என்கிறான். அதுவும் சரிதான்.

இப்போதைக்கு இருவரும் ஒன்றில் உடன்பட்டிருக்கிறார்கள். பலகை வேப்பமர நிழலில் வால் கீழாக நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பையன் தராசில் கொழுவுகிறான். அம்மம்மா கொப்பியில் எழுதுகிறார். எடை இன்னும் குறைந்துகொண்டிருக்கிறது.