தூக்கம் வரவில்லையா, தேவைப்படவில்லையா?

தாராவியின் பத்துக்குப் பத்து அறையில் ஒருவர் தூங்காவிட்டால் வீடு முழுவதற்கும் தெரியும். ஆனால் அதை யாரும் நோயென்று நினைப்பதில்லை. பையன் இரவு 2 மணிக்குப் புதுத் தொழிலுக்குக் கணக்குப் போடுகிறான். பேச்சு ஓயவில்லை. விடிந்ததும் களைப்பே இல்லாமல் முதல் ஆளாகக் கிளம்புகிறான். 'பொறுப்பு வந்துடுச்சு' என்கிறார்கள். கடன் கொடுத்தவர்கள் வாசலுக்கு வரும்போதுதான் விழித்துக்கொள்கிறார்கள். மாட்டுங்கா, செம்பூர் அடுக்ககங்களிலும் இதேதான். அங்கே கந்துவட்டிக்குப் பதில் கிரெடிட் கார்டு.

இந்த நோய்க்கு இருமுனைக் கோளாறு என்று பெயர். மருத்துவர்கள் பைபோலார் என்பார்கள். ஒரு முனையில் மிதமிஞ்சிய எழுச்சி, மறுமுனையில் சோர்வு. பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தலைகாட்டும். முதல் அறிகுறிக்கும் முறையான சிகிச்சைக்கும் நடுவே ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஓடிவிடுவதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், ஆயிரம் பெரியவர்களில் 3 பேருக்கு அப்போது இந்நோய் இருந்தது. அவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் சிகிச்சையில் இல்லை. கணக்கெடுத்த 12 மாநிலங்களில் மகாராஷ்டிரம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஆறு ஆண்டுகளில் ஒரு பங்கு மருத்துவரின் மேசை முன்னாலேயே தொலைகிறது. எழுச்சியில் இருப்பவர் மருத்துவரிடம் போகமாட்டார். அவரைக் கேட்டால் அவருக்கு ஒன்றுமில்லை. சோர்ந்து விழுந்த பிறகுதான் அழைத்துப் போகிறார்கள். மருத்துவர் கண்ணில் படுவது சோர்வு மட்டுமே, எழுதுவதும் சோர்வுக்கான மாத்திரையே. இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு அதை மட்டும் தனியாகக் கொடுத்தால், சிலரை அது எழுச்சிக்குத் தள்ளிவிடும்.

மும்பைத் தமிழருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அம்மா தமக்குத் தெரிந்த இந்தியில் 'நீந்த் நஹீ ஆத்தீ' என்கிறார். தூக்கம் வராமை சோர்விலும் உண்டு, வெறும் கவலையிலும் உண்டு. அவர் சொல்ல வந்ததோ, மகனுக்குத் தூக்கமே தேவைப்படவில்லை என்பது. முதல் வாக்கியத்தைக் கேட்ட மருத்துவர் ஒரு முடிவுக்கும், இரண்டாவதைக் கேட்டவர் வேறொரு முடிவுக்கும் வருவார். அதனால் அழுத நாட்களோடு, 'ரொம்ப நல்லா இருந்த' வாரங்களையும் சொல்லுங்கள். எப்போது, எத்தனை நாள், எவ்வளவு செலவு, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்பதெல்லாம் வேண்டும்.

நோய் அடங்கியதும் அடுத்த ஆபத்து வருகிறது. குணமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவார்கள். கல்யாணம் நிச்சயமானால் ஒளித்தே வைப்பார்கள். 1949இல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் எழுச்சிநிலைக்குப் பயன்படும் என்று காட்டிய லித்தியம், இன்றும் தற்கொலை அபாயத்தைக் குறைக்கும் மருந்து. திடீரென்று விட்டால் சில மாதங்களிலேயே நோய் திரும்பக்கூடும். அதே மருந்து பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை பெரும்பாலோருக்குச் சரி, 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. மே மாதப் பட்டறைப் புழுக்கத்தில் உடம்பின் நீர் வற்றினாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ, வலிக்கென்று டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் விழுங்கினாலோ அளவு ஏறிவிடும். வாந்தி, கை நடுக்கம், தள்ளாட்டம், குழறல் கண்டால் அடுத்த வேளையை விழுங்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தப் பரிசோதனை கேட்காமலே லித்தியம் எழுதிக்கொண்டிருக்கும் இடத்தை மாற்றிவிடுங்கள்.

திருநெல்வேலிப் பக்கம் வேர் உள்ள குடும்பங்கள் ரயிலேறி ஊருக்கு, வேண்டுதலுக்கு அழைத்துப் போவதுண்டு. அப்படி வேண்டுதலுக்கு மனநோயாளிகளை அழைத்து வரும் ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு தனியார் மனநலக் காப்பகம் எரிந்து 28 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. தெளிவாக இருக்கும்போதே, நோய் மீண்டும் வந்தால் என்ன சிகிச்சை வேண்டும், யார் நம் சார்பில் பேச வேண்டும் என எழுதிவைக்கவும் அதில் இடமுண்டு. வேண்டுதலுக்குப் போகலாம், மாத்திரையும் பையில் போகட்டும். ரயிலில் இரவுத் தூக்கமும் கெடக் கூடாது.

தாராவிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் மாநகராட்சியின் சயான் மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி-மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள். தமிழைத் தேர்ந்தெடுத்து, தூக்கம் தேவைப்படவில்லை என்று தமிழிலேயே சொல்லுங்கள்.